‘எல்லா அண்ட் லூயிஸ்’: எந்தப் பதிப்பை வாங்குவது, எதில் கேட்பது

1956 ஆகஸ்ட் 15 அன்று எல்லா ஃபிட்ஸ்ஜெரால்டும் லூயிஸ் ஆம்ஸ்ட்ராங்கும் ஹாலிவுட் பவுல் திறந்தவெளி அரங்கில் ஒரே மேடையில் பாடினார்கள். தயாரிப்பாளர் நார்மன் கிரான்ஸ் மறுநாளே இருவரையும் ஹாலிவுட்டின் கேப்பிட்டல் ஸ்டுடியோவில் அமர்த்தினார். துணைக்கு ஆஸ்கர் பீட்டர்சனின் பியானோ, ஹெர்ப் எல்லிஸின் கிட்டார், ரே பிரவுனின் பாஸ், பட்டி ரிச்சின் டிரம்ஸ் ஆகிய நான்கு மட்டுமே. அப்படிப் பதிவான பதினொரு பாடல்கள்தான் கிரான்ஸின் புதிய நிறுவனமான வெர்வ் அதே ஆண்டில் வெளியிட்ட ‘எல்லா அண்ட் லூயிஸ்’. குரலிசை ஜாஸில் முதலில் எதைக் கேட்கலாம் என்று யாராவது கேட்டால் பெரும்பாலோர் தயங்காமல் சொல்லும் ஆல்பம் இதுவே. ஆனால் அதை வாங்கப் போகிறவருக்கு முன்னால் பழைய இசைத்தட்டு, புதிதாக அச்சிட்ட இசைத்தட்டு, நிமிடத்துக்கு 45 சுழற்சியில் ஓடும் இரட்டைத் தட்டு, சிடி, சிடியைவிடக் கூடுதல் விவரம் தாங்கும் எஸ்ஏசிடி தட்டு, 24 பிட் உயர்தரக் கோப்பு, மாதச் சந்தாவில் கிடைக்கும் ஸ்ட்ரீமிங் என ஏழெட்டு வழிகள் நிற்கின்றன. விலையோ சில நூறு ரூபாயிலிருந்து பல ஆயிரம் வரை விரிகிறது. இவற்றில் எதற்குப் பணம் கொடுப்பது தகும், எதற்குக் கொடுப்பது வீண் என்று பார்ப்பதே இந்தக் கட்டுரையின் வேலை.

முதலில் இந்தப் பதிவில் கேட்க என்ன இருக்கிறது என்பதைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும், ஏனெனில் சாதனங்களின் தரத்தைப் பற்றிப் பொதுவாகப் பேசுவதும் ஒரு குறிப்பிட்ட பதிவுக்கு எது பொருந்தும் என்று பேசுவதும் வேறு வேறு. அப்போது ஃபிட்ஸ்ஜெரால்டுக்கு வயது 39. எந்தச் சுரத்திலும் சிரமம் தெரியாத, விளிம்பு பிசகாத குரல். ஆம்ஸ்ட்ராங்குக்கு 55, கரகரப்பே அழகாகிவிட்ட குரல். இரண்டும் மைக்குக்கு மிக அருகே, உரத்துப் பாட வேண்டிய கட்டாயம் இல்லாமல், ஒருவர் மற்றவரின் வரி முடியும் இடத்தைக் காத்திருந்து பிடிக்கும் விதத்தில் பதிவாகியுள்ளன. பெரிய வாத்தியக் கூட்டம் இல்லாததால் ஒளிந்துகொள்ள இடமே இல்லை. ‘ஸ’ ஓசையின் கூர்மை, வரிக்கு முன் இழுக்கும் மூச்சு, ஆம்ஸ்ட்ராங் பாட்டை நிறுத்திவிட்டு டிரம்பெட்டை எடுக்கும்போது சட்டென மாறும் ஒலியளவு, முரசின் தோல்மேல் பட்டி ரிச் தேய்க்கும் கம்பித் தூரிகையின் சரசரப்பு ஆகியவைதான் இந்த ஆல்பத்தில் நல்ல பதிப்பையும் மோசமான பதிப்பையும் பிரித்துக் காட்டும் இடங்கள். அடிவயிற்றை அதிரவைக்கும் பாஸ் ஒலியோ, அறையின் மூலைக்கு மூலை பரந்து நிற்கும் வாத்தியங்களோ இதில் கிடையாது. அவற்றை எதிர்பார்த்து வாங்குபவர் ஏமாறுவார்.

பரந்து நிற்காததற்குக் காரணம், இது மோனோ ஆல்பம், அதாவது எல்லா ஒலியும் ஒரே தடத்தில் கலந்தது. அமெரிக்காவில் ஸ்டீரியோ இசைத்தட்டுகள் கடைகளில் பரவலானது 1958இல்தான். 1956இல் வெளியான இந்தத் தட்டு ஒற்றைத் தடத்தில் வந்தது, இன்றும் பெயர்பெற்ற மறுபதிப்புகள் அப்படியே வெளியிடுகின்றன. 1960களில் பல நிறுவனங்கள் தங்கள் பழைய மோனோ பதிவுகளை மின்னணு வித்தைகளால் இரண்டாகப் பிரித்து, ஒரு பக்கம் கனத்த ஒலியையும் மறுபக்கம் மெல்லிய ஒலியையும் கூட்டி, ஸ்டீரியோ என்று முத்திரை குத்தி விற்றன. அந்தப் பழக்கம் டிஜிட்டல் காலத்திலும் முற்றாக ஒழியவில்லை. ஆகவே இந்த ஆல்பத்தின் எந்த வடிவத்திலாவது ‘ஸ்டீரியோ’ என்று பெரிதாக எழுதியிருந்தால் அதை ஒரு சிறப்பாக எண்ணாமல் எச்சரிக்கையாக எடுத்துக்கொள்வது நல்லது. கோப்பாக வாங்கியவர் இதை வீட்டிலேயே சோதிக்கலாம்: ஒலித்தொகுப்பு மென்பொருள் எதிலாவது திறந்து, ஒரு தடத்தைத் தலைகீழாக்கி மற்றதோடு கூட்டினால், உண்மையான மோனோ கோப்பில் பாட்டு முழுவதும் மறைந்து, அதிகம் போனால் நாடாவின் மெல்லிய இரைச்சல் மட்டும் மிஞ்சும். குரல் மிஞ்சினால் யாரோ கைவைத்திருக்கிறார்கள்.

கைவைத்தவர் யார் என்ற கேள்வியே வடிவங்களைப் பற்றிய கேள்வியைவிட முக்கியம் என்பது என் கருத்து. இந்த ஆல்பத்துக்கு அதில் ஒரு தனிச் சிக்கலும் உண்டு. ஐரோப்பிய ஒன்றியத்தில் ஒலிப்பதிவுகளுக்கான காப்புரிமைக் காலம் நெடுநாள் 50 ஆண்டுகளாக இருந்தது. 2011இல் அதை 70 ஆண்டாக நீட்டியபோதும் ஏற்கெனவே காலாவதியான பதிவுகளுக்கு உரிமை மீண்டும் உயிர்பெறவில்லை. 1956இல் வெளியான இந்தப் பதிவு அதற்குள் அங்கே பொதுவுடைமையாகிவிட்டதால், யார் வேண்டுமானாலும் அச்சிடலாம் என்ற நிலை வந்தது. விளைவு, அதே புகழ்பெற்ற அட்டைப்படத்தோடு, சில வேளை கூடுதல் பாடல்களோடும் வண்ணத் தட்டோடும், பலப்பல சிறு நிறுவனங்களின் பதிப்புகள் குவிந்துகிடக்கின்றன. மூல நாடா வெர்வின் இன்றைய உரிமையாளரான யுனிவர்சல் நிறுவனத்திடம் இருக்கும்போது, இந்தப் பதிப்புகள் எதிலிருந்து பிரதி எடுக்கப்பட்டன என்பதை அவற்றின் அட்டை பெரும்பாலும் சொல்வதில்லை. பழைய சிடி ஒன்றிலிருந்து எடுத்திருந்தால், கனமான பளபளப்பான இசைத்தட்டாக வந்தாலும் அது அந்தச் சிடியின் விலை கூடிய நகலே. இவற்றில் சில காதுக்குக் குறையில்லாமலும் இருக்கக்கூடும். ஆனால் எது அப்படிப்பட்டது என்று வாங்குமுன் அறிய வழியில்லாத பொருளை, அறிய வழியுள்ள பொருளைவிட உயர்ந்த தரம் என்று எப்படிப் பரிந்துரைப்பது?

இந்த வகைப் பதிப்புகளில் அடிக்கடி நேரும் கெடுதல் ஒன்றைத் தனியாகச் சொல்ல வேண்டும். பழைய காந்த நாடாவுக்கு இயல்பாகவே ஒரு ‘ஸ்ஸ்’ இரைச்சல் உண்டு. அதைக் குறையென்று எண்ணி மென்பொருளால் துடைத்தெடுத்தால், ஏறத்தாழ அதே அதிர்வெண்களில் வாழும் தூரிகைச் சரசரப்பும், குரலின் மூச்சும், அறையின் காற்றும் சேர்ந்தே போய்விடும். முதல் ஐந்து நிமிடம் சுத்தமாகத் தோன்றும் அந்த ஒலி, பிறகு பஞ்சுக்குள் பொதிந்து வைத்ததுபோல் சலிப்பூட்டும். எனவே பாட்டு தொடங்குமுன் நாடாவின் இரைச்சல் மெலிதாகக் கேட்கிறதா என்று பாருங்கள். கேட்டால் நல்ல அறிகுறி.

இனி வடிவங்களுக்கு வருவோம். இசைத்தட்டில் மூன்று தேர்வுகள். 1956இன் அசல் அச்சு சேகரிப்பவர்களுக்கானது. அக்காலத்துக் கனத்த ஊசிக் கரங்கள் பலமுறை உழுத பள்ளங்கள் பெரும்பாலான பிரதிகளில் தேய்ந்திருக்கும். நன்றாகப் பேணிய பிரதிக்கு விலை அதிகம். அதோடு, மோனோ தட்டின் பள்ளத்தில் இசை பக்கவாட்டு அசைவில் மட்டுமே பொறிக்கப்பட்டிருக்கும். ஊசியைத் தாங்கி அதன் அசைவை மின்சாரமாக மாற்றும் கார்ட்ரிட்ஜ், இன்றைய ஸ்டீரியோ வகையாக இருந்தால், மேல்கீழ் அசைவையும் படிப்பதால் தூசியும் கீறலும் இசையில்லாத அந்தத் திசையிலிருந்து வந்து சேரும். மோனோ கார்ட்ரிட்ஜ் வைத்திருப்பவர்களுக்கோ, ஆம்ப்ளிஃபயரில் மோனோ பொத்தான் இருப்பவர்களுக்கோ இந்தத் தொல்லை கணிசமாகக் குறையும். அட்டையின் மேல் ஃபில் ஸ்டெர்ன் எடுத்த அந்தப் படத்தை, மடக்கு நாற்காலிகளில் இருவரும் சாதாரணமாக அமர்ந்திருக்கும் கோலத்தை, பெரிய அளவில் கையில் ஏந்தும் மகிழ்ச்சிக்குத் தனி மதிப்பு உண்டு என்பதை மறுக்கவில்லை. ஒலித்தரத்துக்காக என்றால் அசல் அச்சைத் தேடிப் போக வேண்டியதில்லை.

மறுபதிப்புகளில் 33⅓ சுழற்சியில் ஓடும் ஒற்றைத் தட்டுக்கும் 45 சுழற்சியில் ஓடும் இரட்டைத் தட்டுக்கும் உள்ள வேறுபாடு விளம்பரத்துக்காக இட்டுக்கட்டியதன்று. இந்த ஆல்பத்தில் அது வழக்கத்தைவிடக் கூடுதலாகவே தெரியும். ஆல்பத்தின் மொத்த நீளம் ஏறத்தாழ 54 நிமிடம். ஒரு பக்கத்துக்கு 27 நிமிடம் என்பது எல்பி தட்டுக்கு மிக நீளம். பள்ளம் ஏறத்தாழ 900 சுற்றுகள் சுற்றி, தட்டின் நடுப்பகுதிவரை போயாக வேண்டும். தட்டு ஒரே வேகத்தில் சுழன்றாலும் ஊசியின் கீழ் பள்ளம் ஓடும் வேகம் வெளிவிளிம்பில் நொடிக்கு 51 சென்டிமீட்டர், உள்விளிம்பில் 21 சென்டிமீட்டர் மட்டுமே. ஒரு ‘ஸ’ ஓசையில் உள்ள 8 கிலோஹெர்ட்ஸ் அலையை எடுத்துக்கொண்டால், வெளியே 64 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) நீளத்தில் பரந்து கிடக்கும் அதே அலை உள்ளே 26 மைக்ரானுக்குள் நெருக்கப்பட்டுவிடும். சாதாரணக் கூம்பு ஊசியின் முனை ஆரமே 18 மைக்ரான் என்பதால் அத்தனை நெருக்கமான வளைவுகளுக்குள் அது சரியாக இறங்க முடியாமல் ஓசை சிதறுகிறது. இரண்டாம் பக்கத்தின் கடைசிப் பாடல், ஆறு நிமிடத்துக்கு மேல் நீளும் ‘ஏப்ரல் இன் பாரிஸ்’. ஆல்பத்தின் மிக நுட்பமான பாடல்களில் ஒன்றுக்குத் தட்டின் மிக மோசமான இடம் வாய்த்திருக்கிறது.

45 சுழற்சிப் பதிப்பில் பாடல்கள் நான்கு பக்கங்களாகப் பிரிவதால் ஒரு பக்கத்துக்கு ஏறத்தாழ 13 நிமிடம், சுற்றுகள் 600. வெளிவிளிம்பில் வேகம் நொடிக்கு 69 சென்டிமீட்டர். உள்விளிம்புவரை போகவும் வேண்டியதில்லை. அமெரிக்காவின் அனலாக் புரொடக்‌ஷன்ஸ் வெளியிட்ட மோனோ இரட்டைத் தட்டு இவ்வகையைச் சேர்ந்தது. டர்ன்டேபிளும் கார்ட்ரிட்ஜும் ஏற்கெனவே நல்லதாக வைத்திருப்பவருக்கு இசைத்தட்டில் நான் சொல்லும் தேர்வு இதுதான். விலை ஒற்றைத் தட்டைவிட வெகுவாகக் கூடுதல். இரண்டு மூன்று பாடலுக்கு ஒருமுறை எழுந்து தட்டைத் திருப்பவும் வேண்டும். இரவு சாய்ந்து அமர்ந்து கேட்கும் ஆல்பம் இது என்பதால் அந்த எழுந்திருத்தல் சிலருக்கு ஒலித்தர ஆதாயத்தையே விழுங்கிவிடும். நுண்கோட்டு ஊசி போன்ற மெல்லிய முனைகொண்ட கார்ட்ரிட்ஜ் வைத்திருப்பவருக்கு உள்விளிம்புச் சிதறல் ஏற்கெனவே குறைவாக இருக்கும். அவர் நல்ல 33⅓ மறுபதிப்போடு நின்றுகொள்ளலாம்.

இசைத்தட்டை விரும்புகிறவர்கள் பலர் நாடாவிலிருந்து தட்டுவரை டிஜிட்டல் கலப்பே இல்லாத பாதை வேண்டும் என்பார்கள். விருப்பத்தில் தவறில்லை. ஆனால் 2022இல் மொபைல் ஃபிடெலிட்டி என்ற பெயர்பெற்ற அமெரிக்க மறுபதிப்பு நிறுவனம் தன் இசைத்தட்டுகள் பலவற்றுக்கு நடுவில் ஒரு டிஜிட்டல் படியைப் பயன்படுத்தி வந்தது வெளிப்பட்டபோது, அந்தத் தட்டுகளையே அனலாக் ஒலியின் உச்சம் என்று ஆண்டுக்கணக்கில் புகழ்ந்தவர்கள் வாயடைத்துப் போனார்கள். நன்றாகச் செய்த டிஜிட்டல் படியைக் காதால் கண்டுபிடிப்பது எவ்வளவு கடினம் என்பதற்கு அதைவிடப் பெரிய சோதனையை யாரும் திட்டமிட்டு நடத்தியிருக்க முடியாது.

டிஜிட்டல் பக்கம் வந்தால், சிடியின் 16 பிட், 44.1 கிலோஹெர்ட்ஸ் போதுமா, அதற்கு மேல் வேண்டுமா என்பதே கேள்வி. 16 பிட்டுக்கு 96 டெசிபெல் அளவுக்கு ஒலிவீச்சு, அதாவது மிக மெல்லிய ஒலிக்கும் மிக உரத்த ஒலிக்கும் இடையிலான இடைவெளி, உண்டு. 1950களின் நாடாவில் இசைக்கும் இரைச்சலுக்கும் உள்ள இடைவெளி 70 டெசிபெல்லைத் தாண்டாது. அதாவது நாடாவின் இரைச்சல் முழுவதும், அதற்கும் கீழே உள்ள ஒன்றுமில்லாமையில் கணிசமான பகுதியும் சிடிக்குள் அடங்கிவிடுகிறது. 24 பிட் கூடுதலாகத் தருவது அந்த இரைச்சலின் இன்னும் துல்லியமான அளவீட்டை மட்டுமே. அதிர்வெண் பக்கமும் அப்படியே. சிடி 20 கிலோஹெர்ட்ஸ்வரை எட்டும். நடுவயதைத் தாண்டிய பெரும்பாலோருக்கு 15 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் கேட்பது குறைந்துவிடும். பல ஆயிரம் ரூபாய் செலவழித்து நல்ல கருவி வாங்கும் வசதி வருவதும் அநேகமாக அதே வயதில்தான் என்பது இந்தப் பொழுதுபோக்கின் வேடிக்கைகளுள் ஒன்று.

ஆய்வுகளும் ஏறக்குறைய இதையே காட்டுகின்றன. பிராட் மேயரும் டேவிட் மோரனும் 2007இல் ஒலிப்பொறியியல் சங்கத்தின் ஆய்விதழில் வெளியிட்ட சோதனையில், எஸ்ஏசிடி போன்ற உயர்தரத் தட்டுகளின் ஒலியை நேராகவும், அதையே சிடி தரத்துக்குக் குறைத்தும், எது எதுவென்று சொல்லாமல் கேட்க வைத்தார்கள். 554 முயற்சிகளில் 276 மட்டுமே சரியாக அமைந்தன. நாணயத்தைச் சுண்டியிருந்தாலும் அவ்வளவுதான் கிடைத்திருக்கும். 2016இல் ஜோஷுவா ரைஸ் பல ஆய்வுகளைத் தொகுத்து ஆராய்ந்தபோது, சிறிய, ஆனால் தற்செயல் என்று தள்ளிவிட முடியாத வேறுபாடு தென்பட்டது. பயிற்சி பெற்றவர்களிடம் அது கூடுதலாக இருந்தது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால், வேறுபாடு அறவே இல்லை என்று அடித்துச் சொல்வதும் தவறு, அதற்காகப் பணத்தைக் கொட்டுவதும் தவறு என்றே படுகிறது. மேயரும் மோரனும் தங்கள் கட்டுரையில் குறிப்பிட்ட இன்னொன்று நம் முடிவுக்கு இன்னும் பயனுள்ளது: வடிவத்தால் வேறுபாடு இல்லாவிட்டாலும், எஸ்ஏசிடியாக வந்த பதிவுகள் பல உண்மையிலேயே நன்றாக ஒலித்தன, காரணம் அவற்றைத் தயாரித்தவர்கள் கூடுதல் அக்கறை எடுத்திருந்தார்கள்.

ஆகவே எஸ்ஏசிடியை அதன் தொழில்நுட்பத்துக்காக வாங்காமல், அதற்குப் பின்னால் உள்ள மாஸ்டரிங்குக்காக, அதாவது மூல நாடாவிலிருந்து வெளியீட்டுக்கான இறுதி ஒலியை உருவாக்கிய வேலைக்காக, வாங்கலாம். அனலாக் புரொடக்‌ஷன்ஸ் இந்த ஆல்பத்தை எஸ்ஏசிடியாகவும் வெளியிட்டிருக்கிறது. இரட்டை அடுக்குத் தட்டு என்பதால் அதிலுள்ள சிடி அடுக்கைச் சாதாரண சிடி பிளேயரும் படிக்கும். எஸ்ஏசிடி பிளேயர் இல்லாதவருக்கும் பயன்படும். வெர்வ் தானே வெளியிட்ட சிடிகள் பழைய தட்டு விற்கும் இடங்களில் மலிவாகக் கிடைக்கின்றன. குரலும் தூரிகையும் அவற்றில் பத்திரமாகவே இருக்கின்றன. செலவையும் பயனையும் சேர்த்து எடைபோட்டால் இவற்றை மிஞ்ச எதுவும் இல்லை. 24 பிட் கோப்புகளைப் பொறுத்தவரை, சிடி தரக் கோப்பும் அதே மாஸ்டரிலிருந்து குறைந்த விலைக்குக் கிடைத்தால் அதுவே போதும். உயர்தரக் கோப்பு மட்டுமே புதிய மாஸ்டரிலிருந்து வந்திருந்தால், எண்களுக்காக இன்றி அந்த மாஸ்டருக்காக வாங்குவதில் நியாயம் உண்டு.

ஸ்ட்ரீமிங்கைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. ஆப்பிள் மியூசிக் 2021 ஜூன் முதல் கூடுதல் கட்டணமின்றி, சுருக்கும்போது எந்த விவரமும் தொலையாத இழப்பற்ற ஒலியைத் தருகிறது. சந்தா ஏற்கெனவே இருந்தால் தொடங்க வேண்டிய இடம் அதுதான். ப்ளூடூத் ஹெட்ஃபோனில் கேட்டால் ஒலி வழியில் மறுபடி சுருக்கப்படும் என்பதையும், மேலே சொன்ன பொதுவுடைமைப் பதிப்புகள் தேடல் பட்டியலில் அசலுக்குப் பக்கத்திலேயே அதே படத்தோடு நிற்கும் என்பதையும் நினைவில் வைத்தால் போதும். ஆல்பத்தின் கடைசியில் உள்ள உரிமைக் குறிப்பில் வெர்வ் அல்லது யூஎம்ஜி ரெக்கார்டிங்ஸ் (யுனிவர்சல் நிறுவனம்) என்ற பெயர் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். இரண்டு பதிப்புகளை ஒப்பிடுகிறவர் ஒலியளவை முதலில் சமமாக்க வேண்டும். சற்றே உரத்து ஒலிப்பது எப்போதும் தரமானதாகவே தோன்றும், இந்த ஒரு காரணத்தாலேயே பல தீர்ப்புகள் பிழையாகின்றன.

கேட்கும் கருவியில் ஒரு தேர்வு உண்டு, அதைப் பலர் எண்ணிப் பார்ப்பதே இல்லை: ஒரே ஒரு ஸ்பீக்கர். மோனோ பதிவை இரண்டு ஸ்பீக்கரில் கேட்கும்போது குரல் நடுவில் நிற்பதுபோல் தோன்றினாலும், ஒவ்வொரு காதுக்கும் அதே ஒலி இரண்டு இடங்களிலிருந்து, ஏறத்தாழ கால் மில்லிநொடி வித்தியாசத்தில் வந்து சேர்கிறது. அந்தத் தாமதத்தால் 2 கிலோஹெர்ட்ஸ் அருகே ஒலி ஓரளவு தன்னைத்தானே அடித்துக்கொள்ளும். சொற்களின் தெளிவுக்கு வேண்டிய பகுதி அதுதான். அறைச் சுவர்களின் எதிரொலி அந்தக் குறைவைப் பெருமளவு ஈடுசெய்துவிடும் என்றாலும், ஒற்றை ஸ்பீக்கரை நேரே முன்னால் வைத்துக் கேட்டால் குரலுக்கு ஒரு திடமும் இடமும் வருவதை உணரலாம். ஹெட்ஃபோனில் மோனோ குரல் தலைக்குள்ளேயே குடியிருக்கும். மூச்சும் தூரிகையும் துல்லியமாகக் கேட்கும், ஆனால் இருவரும் எதிரே அமர்ந்து பாடுகிறார்கள் என்ற எண்ணம் எழாது. இரண்டு சுமாரான ஸ்பீக்கர்களுக்குச் செலவழிக்கும் தொகையை ஒரு நல்ல ஸ்பீக்கருக்குச் செலவழிக்கத் துணிகிறவருக்கு, இந்த ஆல்பமும் அந்தக் காலத்து மோனோ பதிவுகள் அத்தனையும் அதற்கு ஈடு தரும்.

இந்த யோசனைகளை இருவரும் சேர்ந்து வெர்வுக்குப் பதிவுசெய்த மற்றவற்றுக்கு அப்படியே பொருத்த முடியாது. 1957இல் ரஸல் கார்சியாவின் இசைக்குழுவோடு பதிவான ‘போர்கி அண்ட் பெஸ்’ ஸ்டீரியோவில் வந்தது. அதற்கு இரண்டு ஸ்பீக்கரும் அகலமான அறையும் வேண்டும், ஒற்றை ஸ்பீக்கரில் அதன் இசைக்குழு ஒரு குவியலாகச் சுருங்கிவிடும். ‘எல்லா அண்ட் லூயிஸ்’, அதன் தொடர்ச்சியான ‘எல்லா அண்ட் லூயிஸ் அகெய்ன்’, ‘போர்கி அண்ட் பெஸ்’ ஆகிய மூன்றையும் உள்ளடக்கி வெர்வ் 1997இல் ஒரு மூன்று சிடித் தொகுப்பை வெளியிட்டது. பயன்படுத்திய பிரதியாக நல்ல நிலையில் அது கைக்குக் கிடைத்தால், 45 சுழற்சித் தட்டைப் பற்றிய யோசனையைச் சில மாதம் தள்ளிப்போட்டுவிட்டு அதை முதலில் வாங்கலாம்.